உபகாரச் சம்பளமும் கலாசாலை மாற்றமும்

ஏழை மாணவர்களின் கல்விச் செலவைச் சர்க்கார் ஏற்றுக்கொள்வது நியாயமே என்று மனமார ஒப்புக்கொள்ளும் பெரியோர்களில் பலர், அந்த மாணவன் ஒரு கல்லூரியை விட்டு வேறொரு கல்லூரிக்குப் போக விரும்புகிறான் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் முகம் சுளிக்கிறார்கள். சர்க்கார் பணத்தில் படிக்கிறவன் கிடைத்த இடத்திலிருந்தே படித்து முடிக்க வேண்டாமா, இஷ்டப்படி இடம் மாறுகிறவனுக்கு உபகாரச் சம்பளம் எதற்கு, மாறுவது அவனுடைய சுதந்திரமென்றால் அந்தச் சுதந்திரத்தின் விலையையும் அவனே கொடுக்கட்டும் என்பது அவர்களுடைய வாதம். கல்லூரி முதல்வர்கள் இதைச் சொல்கிறார்கள். நலத்துறை அலுவலகங்களில் கோப்புப் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். கடன் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நடுத்தரக் குடும்பத்துத் தகப்பனார்கள் இன்னும் சற்று உரக்கவே சொல்கிறார்கள். பலர் சொல்வதாலும், கேட்பதற்குச் சிக்கனமும் ஒழுங்கும் கலந்த வார்த்தையாக இருப்பதாலும், இந்த அபிப்பிராயத்தை ஒருவரும் நின்று பரிசீலிப்பதில்லை. பரிசீலித்தால் அது ஒரு நாழிகைகூடத் தாக்குப்பிடிக்காது என்பது என் துணிபு.

இது வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிடுவதற்கில்லை, விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்காக மத்திய அரசு வகுத்த ‘போஸ்ட் மெட்ரிக்’ உபகாரச் சம்பளத் திட்டத்துக்கு 2010-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகளை எடுத்துப் பார்த்தால், மாநில அரசின் முன் அனுமதி பெறாமல் பாடத்தையோ கல்வி நிலையத்தையோ மாற்றிக்கொள்ளும் மாணவனின் உபகாரச் சம்பளம் ரத்து செய்யப்படலாம் என்றும், நிலையத் தலைவர் அந்த விஷயத்தை மேலிடத்துக்குத் தெரிவித்துப் பணத்தை நிறுத்திவிட வேண்டும் என்றும், ஏற்கெனவே கொடுத்த தொகையையும் மாநில அரசு உசிதமென்று கருதினால் திரும்ப வசூலிக்கலாம் என்றும் அதில் கண்டிருக்கிறது. ‘அனுமதி கேட்டுவிட்டு மாறினால் போயிற்று, யார் தடுத்தார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதி கேட்கிறவனுக்கு இத்தனை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமை எதையும் அந்த வாசகம் அதிகாரியின் தலைமேல் வைக்கவில்லை என்பதையும், புதுக் கல்லூரியின் சேர்க்கைக்கோ கடைசித் தேதி ஒன்று உண்டு, அது கோப்பின் வேகத்துக்காகக் காத்திருப்பதில்லை என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தாமதமாக வரும் அனுமதி மறுப்பைக் காட்டிலும் எந்த வகையில் மேலானது? போன வருஷம் விடுதிச் சாப்பாட்டுக்கும் பஸ் கட்டணத்துக்கும் செலவாகித் தீர்ந்துபோன பணத்தை, தகப்பனாருடைய ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டவில்லை என்று தாசில்தாரே சான்றளித்திருக்கும் ஒரு வீட்டில் போய் வசூலிப்பது எப்படி என்பதை அந்த வாசகத்தை எழுதியவர்தாம் விளக்க வேண்டும்.

‘இஷ்டப்படி மாறுகிறான்’ என்ற சொல்லைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். படிப்பின் நடுவே கல்லூரி மாறுகிற மாணவர்கள் என்ன காரணத்தால் மாறுகிறார்கள் என்று அவர்களோடு பழகிய எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். சம்பாதித்த தகப்பனார் இறந்துபோய், தாயாரும் தம்பி தங்கைகளும் சித்தப்பா வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த ஊரிலேயே படித்தாக வேண்டியவன் ஒருவன். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போன பிறகும் படிப்பை விட மனமில்லாமல் அந்த ஊர்க் கல்லூரியில் இடம் தேடுகிறவள் ஒருத்தி. சேர்ந்த வருஷத்தில் பாதி நாற்காலிகள்கூட நிரம்பாததால் நிர்வாகமே அந்தப் பாடப்பிரிவை மூடப்போகிறது என்ற செய்தியைக் கேட்டு நடுங்குகிறவன் ஒருவன். விடுதியில் சாதியின் பெயரால் தனக்கு நேர்ந்ததை வீட்டிலும் சொல்ல முடியாமல், அங்கேயே தொடர்ந்து படிக்கவும் முடியாமல் தவிக்கிறவன் இன்னொருவன். ராகிங் கொடுமைக்காகத் தமிழ்நாடு 1997-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அந்தச் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்க வழி சொல்கிறது. பாதிக்கப்பட்டவன் அந்த வளாகத்தை விட்டு வெளியேறித் தன் உபகாரச் சம்பளத்தோடு வேறிடம் சேர அந்தச் சட்டத்தைத் துணைக்குக் கூப்பிட முடியாது. இவர்களுக்கெல்லாம் ‘இஷ்டம்’ என்ற சொல் பொருந்துமா?

இவர்களை விட்டுவிடுவோம், உண்மையிலேயே இஷ்டத்தினால் மாறுகிறவன் ஒருவனையே எடுத்துக்கொள்வோம். அவன் பதினேழு வயதில், வீட்டிலே கல்லூரிப் படியேறிய ஒருவரும் இல்லாத நிலையில், பக்கத்துத் தெரு அண்ணன் சொன்னதைக் கேட்டு ஒரு பிரிவில் சேர்ந்தான். ஒரு வருஷத்தில் அது தனக்கு ஒத்துவராது என்று தெரிந்துகொண்டான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இதே பிசகு நேர்வதுண்டு. அவன் தகப்பனார் ஒரு வருஷக் கட்டணத்தைப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, பிள்ளையை வேறு கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஊரார் அதை ‘சாமர்த்தியமாக முடிவெடுத்தார்’ என்று புகழ்கிறார்கள். ஏழைப் பிள்ளை அதையே செய்தால் ஸ்திரபுத்தி இல்லாதவன் என்கிறார்கள். சுதந்திரத்தின் விலையை அவரவர் கொடுக்கட்டும் என்ற வாதத்தில் உள்ள குறை இதுதான்: ஒருவன் கொடுக்கிற விலை ஒரு வருஷக் கட்டணம், மற்றவன் கொடுக்கிற விலை பட்டமே. விலையை இப்படி வைத்துவிட்டு, இது எல்லோருக்கும் பொதுவான விதிதானே என்று சொல்வதைச் சமத்துவம் என்று நான் ஒப்ப மாட்டேன்.

விதி ஏட்டில் இருப்பது ஒருபுறம். அது அலுவலக ஜன்னலுக்கு வந்து சேரும்போது எடுக்கிற ரூபம் வேறு. தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டுச் சென்னைக்கு மாற வேண்டிய ஒரு மாணவியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். புதுக் கல்லூரியில் சேர டி.சி. என்னும் மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். பழைய கல்லூரியில் டி.சி. கேட்டால் ‘நோ ட்யூஸ்’ படிவத்தை நீட்டுகிறார்கள். நூலகம், ஆய்வுக்கூடம், விடுதி, விளையாட்டுத் துறை என்று ஒவ்வொரு மேஜையிலும் கையெழுத்து வாங்கி முடித்தால், கடைசியில் கணக்குப் பிரிவில் இந்த வருஷக் கட்டணம் பாக்கியிருக்கிறது என்று படிவம் நின்றுவிடுகிறது. அந்தப் பாக்கி எது? சர்க்கார் தரவேண்டிய உபகாரச் சம்பளம் இன்னும் வரவில்லையே, அதுதான் அந்தப் பாக்கி. அது எப்போது வரும்? இந்தக் கல்லூரியின் அதிகாரி இணையதளத்தில் அவளுடைய விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்து, அது மாவட்டத்துக்குப் போய், அங்கும் ஒப்புதல் பெற்ற பிறகு வரும். கல்லூரியை விட்டுப் போகப் போகிறவளுடைய விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கொடுக்க அந்த அதிகாரிக்குக் கை வருவதில்லை; ‘நீ போன பிறகு ஆடிட்டில் என்னையல்லவா கேட்பார்கள்’ என்கிறார், அவர் நிலையில் அதுவும் ஒரு நியாயந்தான். புதுக் கல்லூரியோ, பழைய கல்லூரியின் குறியீட்டெண்ணிலே அவளுடைய பதிவு நிற்கிறவரையில் தன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறது. டி.சி. வராததால் சேர்க்கை இல்லை, பணம் வராததால் டி.சி. இல்லை, போகிறாள் என்பதால் பணம் இல்லை. இந்தச் சுற்றில் ஒருவர்கூட அவளை வேண்டாமென்று சொல்லவில்லை. எல்லோரும் அனுதாபத்தோடுதான் பேசுகிறார்கள். ஜூன் போய் ஆகஸ்டும் வந்துவிடுகிறது.

மாணவருடைய சான்றிதழ் விற்பனைச் சரக்கன்று, அதைக் கடனுக்கு ஈடாகப் பிடித்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளலாகாது என்று திட்டமாகக் கூறியிருக்கிறது. அறிவிக்கை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்க, அதன் கீழே படிவம் திருப்பி அனுப்பப்படுவதைப் பார்த்தவர்கள் இதைப் பற்றி அதிகமாகப் பேசமாட்டார்கள்.

இனி, இந்த உபகாரச் சம்பளம் எதற்காக ஏற்பட்டது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். இத்திட்டம் 1944-இல் தொடங்கிற்று. அந்நாளில் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவை வகித்தவர் டாக்டர் அம்பேத்கர். அதற்கு முன்பே 1942-இல் லின்லித்கோ பிரபுவிடம் அளித்த மனுவில், தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் உயர்கல்விக்குச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியிருந்தார். அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் அவருடைய சொந்த அனுபவம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தவர், 1916-இல் அங்கிருந்து லண்டனுக்கு மாறி, பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்ட விடுதியிலும் இடம் பெற்றார். பரோடாவின் உதவி முடிவுற்றதால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலேற நேர்ந்தது. சிறிது சேமிப்பும், கோல்ஹாபூர் சாகு மகாராஜாவின் உதவியும், ஒரு நண்பர் கொடுத்த கடனுமாகச் சேர்த்துக்கொண்டு அவர் மறுபடி லண்டன் போய்ச் சேர்ந்தது 1920-இல், டி.எஸ்ஸி. பட்டம் பெற்றது 1923-இல். கொலம்பியாவில் கிடைத்த இடத்திலேயே இருந்திருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று அவரிடம் சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்? ஒரு கலாசாலையில் கிடைப்பதைப் பெற்றுக்கொண்டு அதற்கப்பால் உள்ளதைத் தேடி இன்னொரு கலாசாலைக்குப் போவது கல்வியின் சுபாவம். அவருடைய முயற்சியால் எழுந்த திட்டத்தின் நெறிமுறையிலேயே கல்வி நிலையத்தை மாற்றுவது ரத்துக்குரிய காரியமாகப் பிற்காலத்தில் எழுதப்பட்டது விசித்திரமான விஷயம்.

இந்த விவகாரத்தைப் பிற தேசங்களில் எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்பதில் பிரயோஜனம் உண்டு. அமெரிக்காவில் 1972-இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, மத்திய சர்க்கார் கொடுக்கும் பணத்தைக் கல்லூரிகளிடம் கொடுப்பதா மாணவர்களிடம் கொடுப்பதா என்ற பெரிய வழக்கு எழுந்தது. கல்லூரிகளின் சங்கங்கள் பணம் தங்கள் கைக்கே வர வேண்டுமென்று வாதாடின. ரோட் ஐலண்டு மாநிலத்து செனட்டர் கிளெய்போர்ன் பெல், அது மாணவனைச் சார்ந்திருக்க வேண்டும், அவன் எங்கே போகிறானோ அங்கே போக வேண்டும் என்ற பக்கம் நின்றார். பெல்லின் பக்கமே ஜயித்தது. 1980 முதல் அந்த மானியத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அங்கே கல்லூரி மாறுகிறவன், ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தில் புதுக் கல்லூரியின் பெயரைச் சேர்த்துவிட்டால், அந்த ஆண்டுக்குரிய மானியத்தில் மிச்சமிருப்பது புது இடத்தில் அவனுக்குக் கிடைக்கும். 2024-25-இல் அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 7,395 டாலர். பருவத்தின் நடுவில் விலகினால், விலகிய தேதிவரைக்கும் நாள் கணக்குப் பார்த்து அவனுக்கு உரிய பங்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிறார்கள். பருவத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு கடந்துவிட்டால் அந்தப் பருவத்து மானியம் முழுவதும் அவனுடையதே. மானியம் பெற்றவன் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருப்பானே என்ற பயத்துக்கும் அங்கே ஒரு பரிகாரம் செய்திருக்கிறார்கள்: ஆயுளில் மொத்தம் பன்னிரண்டு பருவங்களுக்குத்தான் அந்த மானியம் உண்டு, அதை எந்தக் கல்லூரியில் செலவழித்தாலும் சரி. எத்தனை காலம் என்பதற்கு எல்லை வைத்தார்கள், எந்த இடம் என்பதற்கு வைக்கவில்லை. நம்முடைய விதி செய்திருப்பது நேர் தலைகீழ்.

அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சர்க்கார் மானியம் மாணவனோடு கூடவே வந்தாலும், கல்லூரிகள் தம் சொந்த நிதியிலிருந்து கொடுக்கும் சலுகை அப்படி வருவதில்லை. முதலாண்டு மாணவனை வலைவீசிப் பிடிப்பதற்காக வாரி இறைக்கும் நிர்வாகங்கள், மூன்றாம் ஆண்டில் வந்து சேர்கிறவனுக்குக் கையை இறுக்கிக்கொள்வது அங்கே சகஜம். படித்த பாடங்களும் எளிதில் ஏற்கப்படுவதில்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் தாங்கள் சம்பாதித்த பாடமதிப்புகளில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்ததாக அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டிருக்கிறது. பணம் பயணம் செய்ய, பாடம் பயணம் செய்யவில்லை.

நம் நாட்டிலோ இப்போது பாடம் பயணம் செய்யத் தொடங்கியிருக்கிறது! 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, படிப்பின் இடையே வெளியேறவும் திரும்ப நுழையவும் வழி வேண்டும் என்றது. 2021 ஜூலையில் மானியக் குழு ‘கிரெடிட் வங்கி’ என்ற ஏற்பாட்டுக்கு விதிமுறைகள் வகுத்து, ஒரு நிலையத்தில் பெற்ற பாடமதிப்பை ஏழு ஆண்டுவரை சேமித்துவைத்து வேறு நிலையத்தில் கணக்கில் கொள்ளலாம் என்றது. அந்தக் கொள்கையின் மற்ற அம்சங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் எத்தனையோ ஆட்சேபணைகள் உண்டு, அவற்றில் சில எனக்கும் உண்டு. ஆனால் மாணவன் இடம் மாறுவது இயல்பான காரியம் என்பதை அது ஒப்புக்கொண்டுவிட்டது. போஸ்ட் மெட்ரிக் திட்டத்திலும் 2020 டிசம்பரில் மத்திய மந்திரிசபை பெரிய மாறுதல் செய்தது: ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு அறுபது சதவீதம், அந்தப் பங்கு மாணவனுடைய வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும். பாடமதிப்பு மாணவன் பெயரில் இருக்கிறது. வங்கிக் கணக்கு மாணவன் பெயரில் இருக்கிறது. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் அவன் பெயரில்தான் இருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு உதவியை மட்டும் கல்லூரியின் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிவைப்பது என்ன சித்தாந்தம்? இங்கே ரேஷன் அட்டை வைத்திருக்கும் தொழிலாளி வெளி மாநிலத்துக் கடையில் அரிசி வாங்கலாம் என்ற திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடும் சேர்ந்தது. வயிற்றுக்குச் சரியென்று கண்ட நியாயத்தைப் படிப்புக்கு மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர்கள் மறுக்கிறவர்களே.

காரணம் என்று அவர்கள் கடைசியாக எடுத்து நீட்டுவது மோசடி. மாறுகிற மாணவனுக்குப் பணம் கொடுத்தால் இரண்டு கல்லூரியிலும் பெயரை வைத்துக்கொண்டு இரட்டை உபகாரச் சம்பளம் வாங்குவான் என்கிறார்கள். ஆதார் எண்ணோடு பிணைத்த ஒரே வங்கிக் கணக்குக்குப் பணம் போகிற இந்தக் காலத்தில் அது எப்படிச் சாத்தியம் என்று கேட்பது ஒரு புறமிருக்கட்டும். உபகாரச் சம்பளப் பணத்தில் நடந்த பெரிய மோசடிகளை யார் செய்தார்கள் என்று பாருங்கள். இமாசலப் பிரதேசத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் கொள்ளை போனதாக 2019-இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்து விசாரித்த விவகாரத்தில், குற்றம் சாட்டப்பட்டவர்களில் தனியார் கல்வி நிலையங்களை நடத்தியவர்களும், அவர்களோடு கைகோத்த அலுவலர்களும், வங்கிக்காரர்களும் இருந்தார்கள். படிக்காத பிள்ளைகளின் பெயரால் பணம் வாங்கியது ஸ்தாபனம். கல்லூரியைக் காவற்காரனாக வைத்து மாணவனைச் சந்தேகிக்கும் முறையில், காவற்காரனைச் சந்தேகிக்க யாருமே இல்லாமற் போனார்கள்.

‘மாணவன் போனால் அந்த நாற்காலி பட்டம் முடியும்வரை காலியாக நிற்குமே, கல்லூரியின் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?’ என்ற கேள்வியில் மட்டும் சிறிது சாரம் உண்டு. ஆனால் அது எல்லா மாணவருக்கும் பொதுவான கேள்வி. பணம் கட்டிச் சேர்ந்தவன் விலகினாலும் நாற்காலி காலியாகத்தான் நிற்கும். சேர்க்கை முடிந்து முப்பது நாளுக்குமேல் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்று மேலே சொன்ன 2018 அறிவிக்கையே கல்லூரிக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. படித்த வருஷத்துக்குரிய கட்டணம் கல்லூரிக்குச் சேர வேண்டும் என்பதில் எனக்கு வழக்கில்லை. படிக்கப்போகிற வருஷத்தின் மேல் அதற்கு என்ன பாத்தியம் என்பதுதான் கேள்வி. அறக்கட்டளை ஒன்று தன் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே எழுதிவைத்த சொத்திலிருந்து வரும் உதவி அந்தக் கல்லூரியோடு நின்றுபோவதையும் நான் ஆட்சேபிக்கவில்லை. அது கொடுத்தவர் விருப்பம். வரிப்பணம் அப்படி ஒருவர் எழுதிவைத்த சொத்தன்று.

தமிழ்நாட்டு அரசுக்கு இது தெரியாத பாடமுமன்று. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை படித்தவள் என்ற யோக்கியதை அவளோடேயே இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் அவளுடைய கணக்குக்கே போகிறது. அவளுடைய தகுதியை நிர்ணயிப்பது அவள் கடந்துவந்த பாதை. இதே பிரமாணத்தை மற்ற உதவிகளுக்கும் நீட்டினால் போதும்.

ஆகவே செய்ய வேண்டிய திருத்தம் பெரியதொன்றுமில்லை. முன் அனுமதி என்று இருக்கும் இடத்தில், சேர்ந்த முப்பது நாளுக்குள் மாணவன் தரும் அறிவிப்பு என்று மாற்ற வேண்டும். பழைய கல்லூரி அதுவரை படித்த நாளுக்குரிய சான்றை மட்டும் பதிவு செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, புதுக் கல்லூரியின் அதிகாரி அங்கிருந்து கணக்கைத் தொடர வேண்டும். சர்க்கார் தரவேண்டிய தொகையை மாணவனுடைய பாக்கி என்று எழுதி டி.சி.யை நிறுத்துகிற முதல்வர் அதற்குத் தாமே எழுத்துமூலம் காரணம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்ப வசூலிக்கும் அதிகாரத்தைப் பொய்ச் சான்று கொடுத்தவர்களோடு நிறுத்திவிட்டு, இடம் மாறியவர்கள்மேல் ஏவுவதை அடியோடு எடுத்துவிட வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அதே மாணவனுக்கு அதே படிப்பை முடிக்கும்வரை கொடுப்பதென்று ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிற பணந்தான் இது.